தட்டு உடைக்கத் தெரிந்தால் போதுமா?

பிரிட்டனின் துப்பாக்கிக் கிளப்புகளில் ஒரு நம்பிக்கை கேட்பாரில்லாமல் புழங்குகிறது. இயந்திரம் வானில் எறியும் களிமண் தட்டுகளை நூற்றுக்குத் தொண்ணூறு உடைப்பவர் வயலுக்குப் போனால் புறாவையும் காகத்தையும் அதே சுலபத்தோடு வீழ்த்திவிடுவார் என்பது அது. புதிதாக வாங்க வேண்டியதெல்லாம் ஒரு மறைப்பு வலை, பறவைகளை ஈர்க்க ஒரு மூட்டை பொம்மைப் புறா, கொஞ்சம் பருத்த ரவை அடைத்த தோட்டா. புறா என்பது இறகு முளைத்த தட்டு. காகம் என்பது கறுப்புத் தட்டு. இந்தக் கணக்கு தவறு. இதன் செலவு சுடுபவர் தலையில் விழுவதில்லை. அடிபட்டும் சாகாமல் பறந்துபோகும் பறவையும், நம்பி வயலைத் திறந்துவிட்ட விவசாயியும்தான் அதைச் சுமக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடலாம். துப்பாக்கி ஒன்றே: அதே பன்னிரண்டு போர், அதே இரட்டைக் குழல். நகரும் இலக்குக்கு முன்னால் குழலை ஓட்டிச் சுடும் உத்தியும் ஒன்றே. வயலில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தாலும் கிடைக்காத அத்தனை சூடுகளைத் தட்டு மைதானம் சில வார இறுதிகளில் தந்துவிடும். 'ஸ்போர்ட்டிங்' பிரிவின் நிலையங்களே பறவைகளையும் விலங்குகளையும் பார்த்து அமைக்கப்பட்டவை; எழும்பும் வாத்து, ஓடும் முயல், குறுக்கே கடக்கும் புறா என்றுதான் அவற்றுக்குப் பெயர். துப்பாக்கியை மடித்துத் திறந்தே தூக்கிச் செல்லும் பழக்கத்தையும் மைதானம் கற்றுத்தருகிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் இவை எல்லாம் சேர்ந்து நிரூபிப்பது ஒன்றைத்தான்: குதிரை இழுக்கும் கடைசி அரை நொடிக்கு மைதானம் நல்ல பள்ளி. அந்த அரை நொடிதான் முழு வேலையும் என்று நினைப்பதில் பிழை தொடங்குகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கலையின் முதல் பாதி மட்டுமே பரிச்சயம். ஏதென்ஸ் 2004-இல் டபுள் டிராப்பில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோரையும், பாரிஸ் 2024-இல் டிராப் பிரிவில் நின்ற புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானையும் நமக்குத் தெரியும். அவர்கள் சுட்டது தட்டு. இரண்டாம் பாதிக்கு இங்கே வழியில்லை. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, அமாவாசைச் சோற்றுக்கு நாம் கூப்பிடும் காகமும் பாதுகாக்கப்பட்ட பறவை. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே காட்டுப்புறாவும் கருங்காகமும் பயிரையும் கால்நடையையும் கெடுப்பவை என்ற பட்டியலில் இருக்கின்றன. விவசாயி துப்பாக்கிக்காரரை அழைப்பது வழக்கம். அதனால்தான் யாரை அழைக்கிறார் என்ற கேள்வி முக்கியமாகிறது.

மறுப்புகளுக்கு வருவோம்.

1. தட்டு எந்தப் புறாவின் நகல்?

"தட்டே புறாவுக்கு மாற்றாக வந்ததுதானே, அதிலிருந்து புறாவுக்குத் திரும்புவது இயல்பு" என்பார்கள். வரலாறு பாதிதான் அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் ஹர்லிங்ஹாம் கிளப் போன்ற இடங்களில் உயிர்ப்புறாக்களைப் பெட்டிக்குள் வைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அந்தக் கொலை விளையாட்டு நடந்தது. பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் 21 புறாக்களைக் கொன்று வென்றார். 1880 வாக்கில் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி தட்டைக் கொண்டுவந்தார். பிரிட்டன் 1921-இல் சிறைப்பட்ட பறவைகளைச் சுடுவதைச் சட்டத்தால் தடுத்தது. ஆக, தட்டு நகல் எடுத்தது பெட்டிப் புறாவை. ஏறத்தாழ எங்கே இருந்து, எந்தத் தூரத்தில், எப்போது கிளம்பும் என்று சுடுபவருக்கு முன்பே தெரிந்த புறா அது. வயல் புறாவுக்கு அந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பெட்டிப் புறா ஆட்டத்தில் பறவை ஓர் எல்லைக்குள் விழுந்தால்தான் கணக்கு. காயத்தோடு வேலியைத் தாண்டினால் பூஜ்யம். அந்தக் கொடூர ஆட்டமே காயப்படுத்துவதைத் தவறாக எண்ணியது. தட்டு ஆட்டத்தில் அந்த விதிக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

2. வேகம் ஒன்றாக இருந்தால் போதுமா?

108 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 105 கிராம் எடையும் கொண்ட தட்டு, எறியும் இயந்திரத்தை விட்ட நொடியிலேயே தன் அதிகபட்ச வேகத்தில் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு மீட்டரிலும் தளர்கிறது. காற்று தள்ளலாம், ஆனால் தட்டு முடிவெடுக்காது. காட்டுப்புறா நேர்மாறு. பொம்மைகளை நோக்கி இறக்கையை விறைத்துச் சறுக்கி வரும்போது மெதுவாகத் தெரியும். வலைக்குப் பின்னால் ஒரு முகம் அசைந்ததும் பக்கவாட்டில் புரண்டு, இறக்கை தட்டி வேகம் கூட்டும். தட்டுக்காரரின் கண், தளரும் இலக்குக்குப் பழகிய கண். வேகமெடுக்கும் இலக்கில் அது பின்னால் சுடுகிறது. இதைப் பழக்கத்தால் சரிசெய்துகொள்ளலாம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். இந்த மறுப்பு மற்றவற்றைவிட எளியது, அடுத்தது அப்படியில்லை.

3. 'பட்டுவிட்டது' என்று யார் சொல்வது?

தட்டு விதிப்படி கண்ணுக்குத் தெரியும் ஒரு சில்லு உடைந்தால் போதும், மதிப்பெண் முழுசு. பெயரில் களிமண் இருந்தாலும் சுண்ணாம்புத் தூளையும் தாரையும் வார்த்துச் செய்த அந்தப் பொருளை ஒற்றை ரவையே உடைத்துவிடும். அதனால் ரவைக் கூட்டத்தின் ஓரம் உரசினாலும் வெற்றி. ஸ்கீட் எனும் தட்டுப் போட்டியில் சுடும் 9-ஆம் எண் ரவை சுமார் இரண்டே மில்லிமீட்டர்தான். புறாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும், அதைவிடப் பருத்த 6-ஆம் எண்ணில், ஓர் அவுன்ஸ் தோட்டாவுக்குச் சுமார் 270 ரவைகள். நுனி சற்றே குறுகிய 'கால் சோக்' குழலில் 40 கஜத்தில் இவற்றில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் 30 அங்குல வட்டத்துக்குள் விழும். வட்டத்தின் நடுவில் அடர்த்தி, ஓரத்தில் ஓட்டை. நடுவில் மாட்டிய புறா கல்லாய் விழும். ஓரத்தில் மாட்டிய புறா இரண்டு ரவையை வயிற்றில் சுமந்துகொண்டு மரக்கூட்டம் தாண்டிப் போய்விடும். அதே ஓர அடி மைதானத்தில் கைதட்டல் வாங்கும்.

புறாவின் இறகு எளிதில் உதிரும். அடிபட்டதும் ஒரு கொத்து இறகு காற்றில் மிதக்கும். தட்டுக்காரர் அதை 'உடைந்தது' என்று படிக்கிறார். பல நேரம் அது உடைந்ததன் அடையாளமே இல்லை.

இது வெறும் ஊகம் என்பவர்கள் டென்மார்க்கைப் பார்க்கலாம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே இளஞ்சிவப்புக்கால் வாத்துகளைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்ந்த பறவைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், அதாவது 36 விழுக்காடு, உடம்பில் ரவையோடு பறந்துகொண்டிருந்தன. வாத்து புறா அல்ல, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ரவை செய்யும் வேலை ஒன்றே. 1997-இல் டேனிஷ் வேட்டைச் சங்கமும் அரசும் கிளப்பிய இயக்கம் அழுத்திச் சொன்னது தூரத்தைத்தான். கிட்டத்தில் வரவிட்டுச் சுடச் சொன்னது. வாத்துக்கு 25 மீட்டர் என்று எல்லை போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இளம்பறவைகளில் ரவை சுமப்பவற்றின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. முக்கியமாக மாறியது தூரம்.

4. சுடாமல் இருக்க எந்த மைதானம் சொல்லித்தந்தது?

இதுதான் இந்த விவாதத்தின் நடுத்தண்டு. தட்டு மைதானத்தில் தூரத்தை முடிவுசெய்பவர் நிலையத்தை அமைத்தவர். சுடுபவர் குரல் கொடுக்கிறார், தட்டு வருகிறது, சுட வேண்டும். சுடாமல் விட்டாலும் பூஜ்யம், சுட்டுத் தவறினாலும் பூஜ்யம். அப்படியென்றால் எப்போதும் சுடுவதுதான் புத்தி. ஆயிரம் ஆயிரம் தட்டுகளில் இந்தப் பாடம் விரலில் ஊறிவிடுகிறது. வயலின் கணக்கு இதற்கு நேர் எதிர். சுடாமல் விட்ட புறாவுக்கு ஒரு செலவும் இல்லை. அது வட்டமிட்டு மறுபடி வரலாம், வராமலும் போகலாம். தூரத்தில் சுட்டுக் காயப்படுத்திய புறாவுக்குத்தான் செலவு. ஒரே செயலுக்கு இரண்டு இடங்களிலும் எதிரெதிர் விலை என்றால், ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றதில் பாதகமாகவும் ஆகலாம். மதிப்பெண் அட்டையைக் காட்டுபவர்கள் இதைப் பேசுவதேயில்லை.

வெற்று வானத்தில் தூரத்தைக் கணிப்பது மிகக் கடினம். அதனால் தேர்ந்த புறாக்காரர்கள் கடைசி பொம்மையைத் தங்கள் எல்லைக் கல்லாக, முப்பது மீட்டருக்குச் சற்று உள்ளே வைப்பார்கள். அதற்கு அப்பால் வரும் பறவை அவர்களுக்குப் பறவையே அல்ல. ஐம்பது மீட்டரில் குறுக்கே போகும் தட்டை உடைத்துப் பழகியவருக்கு அந்த எல்லை அவமானமாகப் படுகிறது.

இரட்டைத் தட்டுப் பழக்கம் இன்னும் மோசம். முதல் தட்டு உடைந்ததும் கண் இரண்டாவதற்குத் தாவ வேண்டும், அதுதான் பயிற்சி. மறைப்புக்குள் இருப்பவரின் கடமை வேறு. முதல் புறா தடுமாறினால் இரண்டாவது தோட்டா அதற்கே உரியது, பக்கத்தில் வரும் இன்னொன்றுக்கு அல்ல. இரண்டு பறவையைத் தொட்டு இரண்டையும் தவறவிடுவது தட்டுக்காரரின் தனி முத்திரை.

தட்டு வேண்டாம் என்பதா இதற்கு அர்த்தம்? இல்லை. டென்மார்க்கில் புதிதாக வேட்டை உரிமம் கேட்பவர் ரவைத் துப்பாக்கித் தேர்வில் தட்டுகளைத்தான் சுட்டுக் காட்ட வேண்டும். அதோடு தூரத்தைக் கணிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தட்டை ஒரு தேவையாக வைத்துக்கொண்டு அதுவே போதும் என்று நிறுத்திக்கொள்ளாத ஏற்பாடு அது. ஒலிம்பிக் ஸ்கீட்டில் துப்பாக்கியை இடுப்போடு வைத்துக் காத்திருக்க வேண்டும், குரல் கொடுத்த பின் மூன்று நொடி வரை தட்டு தாமதிக்கலாம். வயலுக்குச் சற்றே நெருக்கமான பயிற்சி என்றால் அதுதான். முன்கூட்டியே தோளில் ஏற்றிக்கொண்டு கூவும் டிராப் ஆட்டத்தோடு அதை ஒன்றாகப் பேசுவதும் தப்பு.

5. முக்கால்வாசி வேலை துப்பாக்கியைத் தொடாமலே நடக்கிறதே, அதை யார் செய்வது?

மேஜர் ஆர்ச்சி கோட்ஸ் என்றால் பிரிட்டனின் புறாக்காரர்களுக்கு ஆசான். ஹாம்ப்ஷயரில் புறா சுடுவதையே பிழைப்பாகக் கொண்டவர். 1962-இல் ஒரே நாளில் 550 புறாக்களை வீழ்த்தியவர். 1963-இல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் வழி வந்தவர்கள் முதலில் செய்வது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியோடு வேடிக்கை பார்ப்பது. புறாக்கள் எந்த மரவரிசையைப் பிடித்து வருகின்றன, வயலின் எந்த மூலையில் இறங்குகின்றன, எத்தனை மணிக்கு. தடம் தெரியாமல் நல்ல இடத்தில் மறைப்பு கட்டினாலும் வானம் காலிதான்.

பிறகுதான் பொம்மைகள். புறா காற்றை எதிர்த்து இறங்கும். அதனால் பொம்மைகளின் தலை பொதுவாகக் காற்றை நோக்கி, ஆனால் எல்லாம் ஒரே திசையில் அணிவகுப்பாக இல்லாமல், இலாட வடிவில் பரப்பி நடுவில் இறங்க இடம் விடுவார்கள். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மறைப்பு. பிளாஸ்டிக் பளபளத்தால் புறா விலகும். சுட்ட புறாக்களைக் குச்சியால் தாடையைத் தாங்கி நிறுத்தினால் பிளாஸ்டிக்கைவிட நம்பும். மோட்டாரில் இரண்டு இறந்த புறாக்களைச் சுழற்றும் கருவி ஒரு காலத்தில் அற்புதமாக வேலைசெய்தது. அடிக்கடி சுடப்படும் வட்டாரங்களில் புறாக்கள் அதைக் கண்டாலே திரும்பிவிடுகின்றன. இதில் எந்த ஒன்றும் தட்டு மைதானத்தின் பாடத்திட்டத்தில் இல்லை.

பாதுகாப்பும் இங்கே வேறு. மைதானத்தில் கூண்டு, கோடு, நடுவர், எறியும் திசை என்று எல்லாம் அடைக்கப்பட்டிருக்கிறது. வயலில் நாயும் வலையும் தடுக்கும் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது பறவை எந்தப் பக்கமும் வரும். பின்னால் பொது நடைபாதை இருக்கலாம். மடித்த துப்பாக்கி என்ற ஒழுக்கம் நல்லதுதான், ஆனால் எந்தக் கோணத்தில் குழலைத் திருப்பவே கூடாது என்று தானே கோடு போட்டுக்கொள்ளும் ஒழுக்கம் அதிலிருந்து தானாக முளைக்காது.

6. காகத்தைப் புறாவோடு கட்டிப்போட்டது யார்?

'புறாவும் காகமும்' என்று ஒரே மூச்சில் சொல்வது நாக்குக்குச் சுலபம். காகம் ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கொத்தும், திறந்தவெளிப் பன்றிப் பண்ணையின் தீவனத்தைத் தின்னும், சைலேஜ் எனும் பதப்படுத்திய தீவனப் பொதியின் உறையைக் கிழிக்கும். விவசாயியின் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் காகத்தின் கூர்மைக்கு முன்னால் புறாவின் ஜாக்கிரதை சாதாரணம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃபும் கூட்டாளிகளும் முகமூடி அணிந்து அமெரிக்கக் காகங்களைப் பிடித்தார்கள். அதே முகமூடியைப் பார்த்த காகங்கள் ஆண்டுக்கணக்காக அதை ஞாபகம் வைத்துத் திட்டின. பிடிபடாத காகங்களும் கற்றுக்கொண்டன. பிரிட்டனின் கருங்காகம் அதற்கு நெருங்கிய உறவு. தட்டு எதையும் கற்பதில்லை; காகம் ஒவ்வொரு தவறிய சூட்டிலும் ஒரு பாடம் படிக்கிறது. மறைப்பின் கூரை திறந்திருந்தாலே மேலிருந்து பார்த்துவிடும். அவசரக்காரர் ஒருவர் ஒரு காலையில் செய்துவிட்டுப் போகும் குளறுபடி, அந்தப் பண்ணையில் அடுத்த பல வாரங்களுக்குப் பொம்மை எதற்கும் உதவாதபடி செய்யும்.

அடையாளம் காண்பதும் அப்படியே. ஆரஞ்சுத் தட்டும் கறுப்புத் தட்டும் இரண்டும் தட்டு. ஸ்டாக் டவ் எனும் சிறிய புறா, காட்டுப்புறாக் கூட்டத்தோடு கலந்து பொம்மைக்கு வரும். இறக்கையில் வெள்ளைப் பட்டை இராது. அது முழுப் பாதுகாப்புப் பெற்ற பறவை. பந்தயப் புறா இன்னொருவரின் சொத்து. ரேவன், சஃப் ஆகிய காக இனங்களும் பாதுகாப்பில் இருப்பவை. சுடுவதற்கு முன் இனத்தைப் படிக்கும் அந்தக் கால் நொடியை எந்த மதிப்பெண் அட்டையும் அளந்ததில்லை.

7. "எப்படியானால் என்ன, பயிருக்கு நல்லதுதானே?"

இது கடைசி அரண். எத்தனை அதிகம் சாகிறதோ அத்தனை லாபம் என்ற எண்ணத்தை 1950, 60-களிலேயே பிரிட்டன் சோதித்துப் பார்த்துவிட்டது. அரசு தோட்டாவுக்கு மானியம் கொடுத்துக் குளிர்காலத்தில் புறாக்களைச் சுட வைத்தது. கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்டனில் ஆய்வு செய்த ஆர். கே. மர்ட்டன் கண்டது வேறு: குளிர்காலத்தில் எத்தனை புறா மிஞ்சும் என்பதைத் தீர்மானித்தது வயலில் கிடைத்த க்ளோவர் எனும் தீவனப் பயிரின் இலை அளவு, துப்பாக்கி அல்ல. சுடப்படாவிட்டாலும் அந்த அளவுக்குப் பறவைகள் பட்டினியில் குறைந்திருக்கும். 1965-இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகும் 'எண்ணிக்கை' வாதம் சாகவில்லை என்பது வியப்பு. சுடுவதற்குப் பயன் உண்டென்றால், முளைவிடும் பட்டாணி, குளிர்கால ரேப்சீட், சாய்ந்த கோதுமை ஆகியவை ஆபத்தில் இருக்கும் நாட்களில், அந்த வயலிலிருந்து கூட்டத்தை விரட்டுவதில்தான். அறுவடை முடிந்து சிந்திய தானியத்தைப் பொறுக்கும் புறாவைச் சுட்டு எந்தப் பயிர் காப்பாற்றப்படுகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் 1981 வனவிலங்குச் சட்டப்படி எல்லாக் காட்டுப் பறவையும் பாதுகாக்கப்பட்டது. புறாவையும் காகத்தையும் சுடுவது பொது உரிமத்தின் விதிவிலக்கால் மட்டுமே. அதன் நோக்கம் கடுமையான சேதத்தைத் தடுப்பது. பொழுதுபோக்கு அதில் காரணமே அல்ல. 2019 ஏப்ரலில் 'வைல்ட் ஜஸ்டிஸ்' அமைப்பின் சட்ட நடவடிக்கையை அடுத்து, அரசின் இயற்கைப் பாதுகாப்பு முகமையான நேச்சுரல் இங்கிலாந்து மூன்று பொது உரிமங்களை 36 மணி நேர அவகாசத்தில் ரத்துசெய்தது. விதைப்புக்காலத்தில் விவசாயிகள் கையைப் பிசைந்தார்கள். புதிய உரிமங்கள் பிறகு வந்தன, நிபந்தனைகளோடு. இப்படி ஒரே கையெழுத்தில் போகக்கூடிய அனுமதியை, மதிப்பெண் பசியோடு வருபவர்களிடம் ஒப்படைப்பது விவசாயிக்கே ஆபத்து.

ஆகவே, அழைப்பு கேட்டு வரும் தட்டுக்காரரிடம் பண்ணையார் கேட்க வேண்டியது அவருடைய சராசரியை அல்ல. உட்கார்ந்த நிலையில் எத்தனை மீட்டருக்குள் நம்பிக்கையோடு சுடுவார், அவருடைய குழலும் தோட்டாவும் அந்தத் தூரத்தில் காகிதத்தில் எப்படிப் பரவுகின்றன என்று பார்த்திருக்கிறாரா, அடிபட்டதை எடுத்துவர நாய் உண்டா, ஸ்டாக் டவ்வுக்கும் காட்டுப்புறாவுக்கும் என்ன வேறுபாடு, உரிமத்தின் நிபந்தனைகள் என்ன. பதில் தடுமாறினால் முதல் சில வாரங்கள் அவரைத் துப்பாக்கி இல்லாமல், தொலைநோக்கியோடும் அனுபவசாலி ஒருவரோடும் அனுப்பலாம். அதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு மைதானம் ஞாயிறுதோறும் திறந்தே இருக்கிறது.